காசை உருக்க வந்தவர் கல்லெழுத்தைப் படித்தார்!

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம்? புளி போட்டுத் தேய்க்கிறோம். பளபளப்பு வந்ததும் என்ன விலை பெறும் என்று விசாரிக்கிறோம். செம்பானால் பாத்திரக் கடை, வெள்ளியானால் நகைக் கடை. எந்தக் கடைக்குப் போனாலும் அது கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். உருக்கும் மூசை!

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இந்த மூசையின் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். நாணயச்சாலைக்கு வரும் பொன், வெள்ளியின் மாற்றுப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அவர் பார்த்துச் சொன்ன பிறகு பழைய காசு உருகும். புது ரூபாய் பிறக்கும்.

உருக்கும் உத்தியோகத்தில் இருந்த அந்த மனிதர்தான் பழங்காசுகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றில் இருந்த எழுத்தைப் படித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கும் புரியாமல் நின்ற கல்தூண்களைப் பேச வைத்தார். அசோகச் சக்கரவர்த்தியின் கட்டளைகள் அவரால்தான் உலகத்துக்குத் தெரிந்தன. இடிந்து விழ இருந்த கட்டடங்களையும் அவர் காப்பாற்றினார். அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப்.

சாயக்காரரின் மகன்

ஜேம்ஸ் பிரின்செப் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். வீட்டில் அவர் பத்தாவது பிள்ளை. ஆண் பிள்ளைகளில் ஏழாவது.

தந்தை ஜான் பிரின்செப்பின் தொழிலைக் கேட்டால் திருப்பூர்க்காரர்களுக்கு ஆர்வமாக இருக்கும். அவர் கையில் காசில்லாமல் வங்காளத்துக்கு வந்தவர். அவுரி பயிரிட்டு நீலச் சாயம் எடுத்தார். துணியில் அச்சுப் போடும் தொழிலும் செய்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செப்புக் காசு அடித்துக் கொடுத்தார். பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார். பின்னால் வியாபாரத்தில் நஷ்டம் வந்து குடும்பம் நொடித்தது.

ஜேம்ஸுக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. வீட்டில் அண்ணன், அக்காமார்களிடம் கற்றதே மிகுதி. ஆனால் கை வேலையில் கெட்டிக்காரர். கோடு பிசகாமல் படம் வரைவார். சின்னச் சின்ன இயந்திரங்கள் செய்வார். ஆகவே கட்டடக் கலை படிக்கட்டும் என்று அகஸ்டஸ் புகின் என்ற பெயர் பெற்ற கலைஞரிடம் சேர்த்தார்கள்.

படிக்கும்போதே கண்ணில் நோய் வந்தது. பார்வை மங்கியது. கட்டடக்காரர் ஆகும் ஆசை அதோடு போயிற்று.

இந்தியாவில் நாணயச்சாலை வேலை ஒன்று காலியாவதாகத் தந்தைக்குத் தெரிந்தது. மகனை ரசாயனம் படிக்க அனுப்பினார். பிறகு லண்டன் அரசாங்க நாணயச்சாலையில் மாற்றுப் பார்க்கும் வேலையில் பழக்கினார். 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜேம்ஸ் கல்கத்தாவில் கப்பலை விட்டு இறங்கினார். வயது 20.

காசியில் பத்து ஆண்டுகள்

ஓர் ஆண்டுக்குள் அவரைக் காசி நாணயச்சாலைக்கு மாற்றினார்கள். 1830-ல் அந்தச் சாலை மூடப்படும் வரை அங்கேதான் இருந்தார்.

உலைக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று அந்த நாளில் சரியாகச் சொல்லக் கருவி இல்லை. பிரின்செப் ஒரு வழி கண்டார். பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு அளவில் கலந்து சிறு துண்டுகள் செய்தார். அவற்றை உலையில் வைத்தார். எந்தத் துண்டு உருகுகிறது, எது உருகவில்லை என்று பார்த்தால் சூட்டின் அளவு தெரிந்துவிடும். 1828-ல் இதைப் பற்றிய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. அந்தச் சங்கத்தில் உறுப்பினர் பதவியும் கிடைத்தது. ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடையைக்கூடக் காட்டும் தராசு ஒன்றும் அவர் செய்தார்.

கண் பார்வை தெளிந்துவிட்டது. பழைய கட்டட ஆசையும் திரும்பியது. 1822-ல் காசி நகரம் முழுவதையும் அளந்து வரைபடம் தயாரித்தார். சந்து பொந்து, படித்துறை, குளம் எல்லாம் அதில் உண்டு. ஊரின் ஜனத்தொகையையும் கணக்கெடுத்தார். கோயில்களையும் திருவிழாக்களையும் வண்ணப் படங்களாக எழுதினார். அந்தப் படங்கள் பின்னர் லண்டனில் புத்தகமாக அச்சாயின.

ஊரின் நடுவே தேங்கிக் கிடந்த குளங்களால் நோய் பரவியது. அந்த நீரைக் கங்கைக்குக் கொண்டு போக நிலத்துக்கு அடியில் வளைவுச் சுரங்கக் கால்வாய் ஒன்று வெட்டினார்கள். அதற்குத் திட்டம் போட்டு உதவியவரும் அவரே.

சாய்ந்த மினார்

காசியில் பஞ்சகங்கா படித்துறைக்கு மேலே ஔரங்கசீப் காலத்து மசூதி ஒன்று இருக்கிறது. அதற்கு 140 அடிக்கும் அதிக உயரமான இரண்டு மினார்கள் இருந்தன. ஒல்லியானவை. உள்ளே சுழல் படிக்கட்டு. கங்கையில் படகில் வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரியும். பிரின்செப் காலத்தில் அவை சாய்ந்து, விழும் நிலைக்கு வந்துவிட்டன.

ஆபத்தான கட்டடத்தை இடித்துத் தள்ளுவதுதான் எப்போதும் சுலபம். பிரின்செப் இடிக்கவில்லை. அந்த மினார்களைப் பழுதுபார்த்து நிமிர்ந்து நிற்க வைத்தார். அவர் கை வைத்த பிறகு அவை நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றன. 1948-ல் ஒரு மினார் விழுந்தது. மற்றொன்றையும் பாதுகாப்புக்காகப் பிறகு இறக்கிவிட்டார்கள்.

அவர் காசியில் செய்த வேலைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலில் அளப்பார். பிறகு வரைவார். அதற்குப் பிறகுதான் கடப்பாரை!

இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. கொங்கு நாட்டில் தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடுகள் இன்னும் பல ஊர்களில் உண்டு. பனியன் கம்பெனியில் நாலு காசு சேர்ந்ததும் அந்த வீட்டைப் பழுதுபார்க்க நினைப்பார்கள். எதிரில் வருகிற முதல் மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்து விடுவார்கள். அவர் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசுவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அதை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் சுவரை உப்ப வைக்கும். இரண்டு மழைக் காலத்தில் பூச்சு உதிரும். கூடவே பழைய காரையும் போகும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும், தேக்குத் தூணுக்கு ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரிகளும் இன்றும் இருக்கிறார்கள். தேட வேண்டும். முன்பு எந்த வீட்டில் வேலை செய்தீர்கள் என்று கேட்டு, அந்த வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒழுகலுக்குக் காரணம் கூரையா, சுவரா, அஸ்திவாரமா என்று அவர் சொல்கிறாரா என்று கவனிக்க வேண்டும். காரணம் சொல்லாமல் கூலி மட்டும் சொல்கிறவரை யோசித்துத்தான் வைக்க வேண்டும். என்னென்ன வேலை, எவ்வளவு கூலி என்று எழுதி வாங்கி, வேலை நடக்க நடக்கப் பணம் கொடுப்பது நல்லது. இடிக்கும் முன் எல்லா அறையையும் படம் பிடித்து வைக்க இன்று செல்போன் போதும். பிரின்செப் இதையே பென்சிலால் செய்தார்.

புண்ணியம் கெடாமல் ஒரு பாலம்

காசிக்குக் கிழக்கே கர்மநாசா என்று ஓர் ஆறு. அதன் தண்ணீர் பட்டால் செய்த புண்ணியம் எல்லாம் அழிந்துவிடும் என்பது வடநாட்டு நம்பிக்கை. பெயரே அப்படித்தான். காசிக்கு யாத்திரை போகிறவர்கள் இந்த ஆற்றைத் தாண்ட அஞ்சுவார்கள். ராஜா பட்னி மல் என்ற காசிச் செல்வர் அங்கே கல் பாலம் கட்டப் பணம் கொடுத்தார். பாலத்துக்குத் திட்டம் வரைந்து கொடுத்தவர் பிரின்செப். யாத்திரிகர்கள் கால் நனையாமல் கடந்தார்கள்.

ரூபாயும் தோலாவும்

1830-ல் அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அதே ஆண்டில் அவருடைய சகோதரர் தாமஸ் இறந்து போனார். அவர் ஆரம்பித்த கால்வாய் வேலை பாதியில் நின்றது. அதை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை ஜேம்ஸ் ஏற்றார்.

1832-ல் கல்கத்தா நாணயச்சாலையின் தலைமை மாற்று அதிகாரி ஆனார். அப்போது நாட்டில் ஊருக்கு ஒரு ரூபாய். ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை. வட்டம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். சாமானியர்களுக்கு நஷ்டம், சராப்புகளுக்கு லாபம். நாடு முழுவதும் ஒரே எடை, ஒரே தரமுள்ள ரூபாய் வேண்டும் என்று 1833-ல் பிரின்செப் எடுத்துச் சொன்னார். 1835-ல் அப்படிப்பட்ட ரூபாய் சட்டப்படி வந்தது. அதன் எடை 180 கிரெயின். அதுவே ஒரு தோலா. இன்றைய கணக்கில் சுமார் 11.66 கிராம். வடநாட்டு நகைக் கடைகளில் தோலாக் கணக்கு இன்னும் காதில் விழும்.

புது ரூபாய் வந்தால் பழையவை என்ன ஆகும்? உருக வேண்டியதுதான்! பழங்காசைச் சேர்க்கும் ஆசை இதே மனிதருக்கு இதே காலத்தில் முற்றியதைத்தான் விந்தை என்று சொல்ல வேண்டும்.

காசுகள் வந்து குவிந்தன

கல்கத்தாவில் ஆசியச் சங்கம் என்று ஒரு கல்விச் சங்கம் உண்டு. 1832-ல் பிரின்செப் அதன் செயலாளர் ஆனார். சங்கத்துக்காக மாதப் பத்திரிகை ஒன்றை நடத்தினார். சங்கத்தின் பெட்டியில் கிடந்த ரோமானியக் காசுகளைப் பற்றி அவ்வாண்டே எழுதினார். நாணயங்களைப் பற்றிய அவருடைய முதல் எழுத்துக்களில் அது ஒன்று.

அதைப் பார்த்துப் பல திசைகளிலிருந்தும் காசுகள் வரத் தொடங்கின. பஞ்சாபில் ரஞ்சித் சிங்கின் படையில் இருந்த வெஞ்சுரா என்ற தளபதி, மாணிக்யாலா என்ற ஊரில் ஒரு பழைய பௌத்த ஸ்தூபத்தைத் திறந்து எடுத்த காசுகள் வந்தன. அலெக்சாண்டர் பர்ன்ஸ் ஆப்கானிஸ்தானம் வரை போய் வந்து காசுகள் கொடுத்தார். கன்னிங்காம் என்ற இளம் ராணுவ அதிகாரியும் சேர்த்துத் தந்தார். பின்னாளில், 1861-ல், இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை பிறந்தபோது அதன் முதல் தலைவர் இந்தக் கன்னிங்காம்தான்.

பிரின்செப் ஒவ்வொரு காசையும் நிறுத்தார். இரு பக்கமும் படம் எழுதினார். எந்த ஊரில் கிடைத்தது, யார் கொடுத்தது என்று குறித்தார். அச்சுக்கு வேண்டிய தகட்டையும் தம் கையாலேயே செதுக்கினார். காசு சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதே. தேய்த்தால் எழுத்துத்தான் முதலில் போகும். ஒரு சிறு உறையில் போட்டு, கிடைத்த ஊரையும் நாளையும் மேலே எழுது. கிடைத்த இடம் தெரியாத காசு, முகவரி இல்லாத கடிதம்.

நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் காசு கிடைத்தால் அது வேறு விஷயம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் பெட்டியில் வைத்துக் கொள்ளக் கூடாது.

பஸ் பலகை போல ஒரு காசு

வடமேற்கிலிருந்து வந்த காசுகளில் ஒரு பக்கம் கிரேக்க எழுத்து. மறு பக்கம் யாருக்கும் தெரியாத எழுத்து. ஊர்ப் பெயரை இரண்டு மொழியில் எழுதிய பஸ் பலகை போல! ஒரு மொழி தெரிந்தால் மற்றதை ஊகிக்கலாம். கிரேக்கத்தில் உள்ள அரசன் பெயரை வைத்து மறு பக்கத்து எழுத்துக்கள் பலவற்றை அவர் அடையாளம் கண்டார். கரோஷ்டி என்று நாம் இப்போது சொல்லும் எழுத்து அது.

ஆனால் டில்லித் தூணிலும் அலகாபாத் தூணிலும் இருந்தது வேறு எழுத்து. இரண்டு தூணிலும் ஒரே வாசகங்கள் இருப்பதை 1834-ல் பிரின்செப் கண்டுபிடித்தார். படிக்கத்தான் முடியவில்லை. 1836-ல் லாசன் என்ற ஜெர்மானியப் பண்டிதர் அகதாக்ளிஸ் என்ற மன்னனின் காசை வைத்துச் சில எழுத்துக்களைப் படித்தார். மற்றவை பிடிபடவில்லை.

கதவைத் திறந்த இரண்டு எழுத்து

1837-ல் சாஞ்சி ஸ்தூபத்திலிருந்து கேப்டன் ஸ்மித் என்பவர் சில கல்வெட்டுப் படிகளை அனுப்பினார். எல்லாம் சின்னச் சின்ன வரிகள். கல் வேலியில் ஒவ்வொரு கல்லிலும் ஒரு வரி. அவற்றை அச்சுக்காக வரிசைப்படுத்திக் கொண்டிருந்தபோது பிரின்செப்பின் கண்ணில் ஒன்று பட்டது. பெரும்பாலான வரிகள் ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன!

நம் ஊர்க் கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தால் அதன் மேல் இன்னார் உபயம் என்று எழுதுகிறார்கள் அல்லவா? வெளிச்சத்தைவிடப் பெயர் பெரிதாக இருக்கும். இதே வழக்கம் அன்றும் இருந்திருக்க வேண்டும் என்று பிரின்செப் ஊகித்தார். கல் கொடுத்தவர்கள் பெயரை வெட்டியிருக்கிறார்கள். அப்படியானால் கடைசி இரண்டு எழுத்து என்ன? தானம்!

த, ன இரண்டும் கிடைத்தன. அதற்கு முன் அடிக்கடி வந்த எழுத்து, இன்னாருடைய என்று பொருள் தரும் ஸ. சௌராஷ்டிரக் காசுகளில் இருந்த எழுத்துக்களும் கை கொடுத்தன. அதிக நாள் ஆகவில்லை. பிராமி எழுத்து முழுவதும் திறந்துகொண்டது. பண்டிதர்களின் துணையோடு டில்லித் தூணைப் படித்தார். தேவர்களுக்குப் பிரியமான பியதசி என்ற அரசனின் தர்மக் கட்டளைகள் அதில் இருந்தன.

யார் இந்தப் பியதசி? முதலில் இலங்கை அரசன் ஒருவன் என்றே பிரின்செப் எண்ணினார். இலங்கையில் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் டர்னர் பாலி மொழி நூல்களைத் தேடிப் பார்த்து, பியதசி என்பது சந்திரகுப்தனின் பேரன் அசோகனின் பெயர் என்று எழுதினார். பிரின்செப் தம் கருத்தை உடனே மாற்றிக் கொண்டார்.

1838-ல் குஜராத்தில் உள்ள கிர்நார்ப் பாறையின் எழுத்தைப் படித்தார். மனிதருக்கும் விலங்குக்கும் அசோகன் மருத்துவ ஏற்பாடு செய்ததை அது சொல்கிறது. அவன் நாட்டு எல்லைக்கு வெளியே இருந்தவர்களின் பெயரும் வருகிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர்! கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தமிழ் மன்னர்கள் தனி அரசர்களாக இருந்ததற்குக் கல்லில் சான்று கிடைத்தது.

சத்தியபுத்திரர் யார் என்பது மட்டும் நெடுங்காலம் தகராறாக இருந்தது. 1981-ல் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதியமான் நெடுமானஞ்சியே தன்னைச் சத்தியபுத்திரன் என்று சொல்லிக்கொள்கிறான். தகடூர் அதியமான், நம் கொங்கு மண்ணுக்குப் பக்கத்து அரசன்!

எண்ணெய் தீர்ந்த விளக்கு

பகலில் நாணயச்சாலை. மற்ற நேரமெல்லாம் பத்திரிகை, காசு, கல்வெட்டு. ஊர் ஊராக வரும் கடிதங்களுக்குப் பதில். 1835-ல்தான் அவருக்கு ஹாரியட் என்ற பெண்ணோடு கல்யாணம் நடந்தது. 1837-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதே ஆண்டில்தான் பிராமியும் பிடிபட்டது.

1838-ல் தாங்க முடியாத தலைவலி வந்தது. மூளையே நோய்ப்பட்டுவிட்டது. குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பினார்கள். லண்டன் போய்ச் சேர்ந்தும் குணம் இல்லை. எந்த எழுத்தும் தப்பாத அந்த மனம் கலங்கிப் போயிற்று. 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 40. குழந்தைக்கு மூன்று வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ!

கல்கத்தா ஜனங்கள் அவர் நினைவாக ஹூக்ளி நதிக் கரையில் 1843-ல் தூண் மண்டபத்தோடு ஒரு படித்துறை கட்டினார்கள். பிரின்செப் காட் என்று அதற்குப் பெயர். அவர் சேர்த்த காசுகளை 1847-ல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிக் கொண்டது.

நொய்யல் கரையில்

பிரின்செப் தமிழ்நாட்டு நொய்யல் கரையில் வேலை பார்த்தவர் அல்லர். ஆனால் அவர் இறந்த இரண்டாவது ஆண்டில், 1842-ல், கோவையை அடுத்த வெள்ளலூரில் நிலத்துக்குள்ளிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற மன்னர்களின் காசுகள். 1913-ல் திருப்பூருக்குக் கிழக்கே கத்தாங்கண்ணியிலும் அதே மன்னர்களின் காசுகள் கிடைத்தன. காங்கயம் பக்கத்துப் படியூரின் பச்சைக் கல்லுக்கும், மேற்குக் கரை மிளகுக்கும் ரோமாபுரி கொடுத்த விலை அது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

அதே நொய்யலின் கரையில் சென்னிமலைக்கு அருகே கொடுமணல் இருக்கிறது. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டினார்கள். கல்மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. உடைந்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் கீறிய எழுத்துக்கள் தமிழ்ப் பிராமி. அரசர் பெயரோ, தர்மக் கட்டளையோ அல்ல. பானை யாருடையது என்று தெரிவதற்காக, வீட்டுக்காரர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள்.